தோளுக்கேற்ற துப்பாக்கி

துப்பாக்கி வாங்குவதும் செருப்பு வாங்குவதும் ஏறக்குறைய ஒன்றுதான் சார். பேர், விலை, கடைக்காரன் பேச்சு எல்லாம் அப்புறம். போட்டு நாலு அடி நடந்து பார்க்க வேண்டும். கடித்தால் வேண்டாம் என்று வைத்துவிட்டு வர வேண்டும். இது தெரியாமல்தான் பெரிய மனிதர்கள் பாதிப் பேர் நொண்டிக்கொண்டு திரிகிறார்கள்.

நீங்கள் சிரிக்கவில்லை, இன்ஸ்பெக்டர் சார். பரவாயில்லை, ஏட்டு டில்லிபாபு எழுதிக்கொள்ளட்டும். என் பெயர் தாண்டவராயன். வயது ஐம்பத்தெட்டு. ஊர் வடக்குப்பட்டு. பதினேழு வருடம் ராணுவத்தில் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் ஆர்மரர் வேலை. அதற்குப் பிறகு பதினாறு வருடம் ஒரகடத்தில் சம்பத்குமார் கம்பெனியில் மெயின்டனன்ஸ் இன்சார்ஜ். கார் கம்பெனிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் பிரஸ் ஷாப் அது. சொல்வதையெல்லாம் என் விருப்பத்தில்தான் சொல்கிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை. உங்களைப் பார்த்தால் அடிக்கத் தெம்பு இருப்பதாகவும் தெரியவில்லை. போலீஸிடம் சொன்னது கோர்ட்டில் நிற்காது என்பது எனக்கும் தெரியும். மாஜிஸ்திரேட் முன்னாலும் இதையே சொல்வேன்.

ஒரே ஒரு நிபந்தனை. இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்று என் மகள் மதிவதனிக்குப் போக வேண்டும். அவள் ஒரு எழுத்து விடாமல் படிக்க வேண்டும். அவள் புருஷனின் இரண்டு கைகளுக்கும் அப்பா பதில் வாங்கிக் கொடுத்தார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். இரண்டு வருடமாக அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல் இருந்தவன் நான். நான் இங்கே உட்கார்ந்திருப்பது அவளுக்காகத்தான், உங்களுக்காக இல்லை.

கமலினி அம்மாவின் மனுவை நானும் படித்தேன். போன வருடம் ஜூன் மாதம் அவருடைய கணவர் சம்பத்குமார் தென் ஆப்பிரிக்காவுக்கு எருமை வேட்டைக்குப் போய் அங்கேயே இறந்தார். அவருக்குத் தப்பான துப்பாக்கியை நான் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன் என்று அந்த அம்மா எழுதியிருக்கிறார். அதில் பாதிதான் சரி. வேண்டுமென்றே என்பது சரி. தப்பான துப்பாக்கி என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது அருமையான துப்பாக்கி.

முதலில் என் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஜோயல். மணிமங்கலம் பக்கத்துப் பையன். மதியும் அவரும் விரும்பினார்கள், நான் மறுக்கவில்லை. நான்தான் அவரைக் கம்பெனியில் சேர்த்துவிட்டேன். மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் ஆபரேட்டர். இருநூறு டன் மிஷின் சார் அது. அதற்கு முன்னால் ஒரு சென்சார் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒளியால் போட்ட திரை. அதைத் தாண்டிக் கை உள்ளே போனால் மிஷின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எண்ணெய்ப் புகை, தகட்டுத் தூசு எதற்கெடுத்தாலும் அது நிறுத்திவிடும். ஷிப்டுக்கு இருநூறு, முந்நூறு பீஸ் குறையும். அதனால் எல்லா இடத்திலும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் ஒரு சாவித் துவாரம். சாவியைத் திருப்பினால் சென்சார் தூங்கிவிடும், மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். பைபாஸ் என்பார்கள். இந்த ரோட்டில் எத்தனை ஷெட்டில் இது நடக்கிறது என்று நீங்கள் ஒரு நாள் போய்ப் பார்க்கலாம். போக மாட்டீர்கள்.

எங்கள் கம்பெனியில் சாவி இரண்டு. ஒன்று எம்.டி. அறையில் சம்பத்குமாரிடம். மற்றொன்று என்னிடம். பைபாஸ் போடு என்று பன்னிரண்டு வருடம் எனக்கு உத்தரவு போட்டவர் அவர். 2022 நவம்பரில் ஒரு நாள் காலை ஷிப்டில், சென்சார் வேலை செய்கிறது என்று நம்பி மாப்பிள்ளை கோணலாக மாட்டிய தகட்டை நேராக்க இரண்டு கைகளையும் உள்ளே விட்டார். சென்சார் தூங்கிக்கொண்டிருந்தது. மணிக்கட்டுக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என்னைத்தான் கேட்டார்.

"மாமா, சென்சார் ஆன்ல கீதுன்னுதான் கைய வுட்டேன். யார் மாமா ஆஃப் பண்ணது?"

"எம்.டி. சாவி மாப்ள" என்றேன்.

மதி பக்கத்தில்தான் நின்றாள். அன்றிலிருந்து அவள்தான் அவருக்குச் சோறு ஊட்டுகிறாள், சட்டை போட்டுவிடுகிறாள். மூக்கு அரித்தால்கூட அவர் மதியைக் கூப்பிட வேண்டும். கம்பெனி விசாரணை அறிக்கையில் ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அதை ஏன் போட்டாய் என்று கேட்பீர்கள். போடாமல் என்ன செய்ய முடியும் என்று நான் உங்களைக் கேட்பேன். நாம் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

சம்பத்குமாருக்கு வேட்டைப் பைத்தியம் பிடித்தது அதற்கப்புறம்தான். ஸ்ரீபெரும்புதூரில் கௌரவமான குடும்பம். அப்பா பேங்க்கில் இருந்தவர், வீட்டில் முட்டைகூட வாங்க மாட்டார்கள். இவர் ஏதோ கிளப்பில் சேர்ந்து, வீடியோக்களைப் பார்த்து, எருமை சுட்டே ஆக வேண்டும் என்று ஆரம்பித்தார். இங்கே ஒரு முயலைச் சுட்டாலே உள்ளே வைத்துவிடுவீர்கள். அங்கே அதற்கென்றே பண்ணைகளும் முகாம்களும் இருக்கின்றன, சட்டப்படி கூட்டிப் போகிறார்கள். துப்பாக்கியையும் அவர்களே வாடகைக்குத் தருவார்கள். எது வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

போன வருடம் மார்ச்சில் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் மூன்று துப்பாக்கிகளின் படங்கள்.

"இந்தாய்யா தாண்டவராயா, இது உன் சப்ஜெக்ட். எத எடுக்கலாம் சொல்லு."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எழுதுகிறவர் நிதானமாக எழுதட்டும். முதல் படத்தில் இருந்தது .375. எண் சின்னது என்றால் குண்டும் சின்னது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது எருமைக்குப் போதும். மேலே தொலைநோக்கி பொருத்தியது, உதை மிதமானது, புதிதாகப் போகிறவனுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. இரண்டாவது .416, கொஞ்சம் முரடு. மூன்றாவது .500, இரட்டைக் குழல். ஐந்து கிலோ கனம். தொலைநோக்கி கிடையாது, வெறுங்கண்ணால் குறி பார்க்க வேண்டும். சுட்டால் கழுதை உதைத்த மாதிரி தோள் பின்னால் போகும். பழகியவன் கையில் அது யானையையே நிறுத்தும். பழகாதவன் கையில் இருந்தால் சத்தம்தான் மிச்சம்.

துப்பாக்கி தேர்ந்தெடுப்பவன் மிருகத்தைப் பார்க்கக் கூடாது சார், சுடுகிறவனைப் பார்க்க வேண்டும். எருமை எல்லாம் ஒரே எருமைதான். முன்னங்கால் தோளுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குண்டு போனால் சின்னக் குண்டே போதும். வயிற்றில் போனால் பீரங்கிக் குண்டு போனாலும் அது ஓடும். ஓடிப் போய்ப் புதரில் நின்று, பின்னால் வருகிறவனுக்காகக் காத்திருக்கும்.

சம்பத்குமார் ஐந்தடி நாலு அங்குலம். தலையணை மாதிரித் தோள். மூக்குக்கண்ணாடி. அந்த ஆளுக்கு எது என்று எந்த ஆர்மரரைக் கேட்டாலும் .375 என்பான். நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன். என் விரல் அந்தப் படத்தின் மேல்தான் இருந்தது. ஏட்டையா, இதை அப்படியே எழுதுங்கள்.

அப்போதுதான் அவர் சொன்னார். "அங்கேர்ந்து வந்ததும் உன் வூட்டுக்கு வரேன்யா. ஜோயல்கிட்ட நானே உக்காந்து எல்லாத்தையும் பேசிடறேன். ரெண்டு வருஷமா மனசு கேக்கல."

"வாங்க சார்" என்றேன்.

எனக்கு எரிந்தது. மாப்பிள்ளையின் கையை எடுத்துவிட்டு, ஊர்சுற்றிவிட்டு வந்து, ஒரு டப்பா சாக்லேட்டோடு உட்கார்ந்து மனசைக் கழுவிக்கொண்டு போகலாம் என்று நினைக்கிற திமிரைப் பாருங்கள். விரலை நகர்த்தினேன்.

"எருமைக்கு இன்னா சார் முக்கியம், நீங்களே சொல்லுங்க."

"அடிச்சா வுழணும்யா."

"அப்ப பெருசுதான் சார். சின்னத வெச்சிக்கினு சுடறதுக்கு ஆயிரம் பேர் கீறாங்க. ஐந்நூறு உங்க கையில இருந்தாதான் சார் போட்டோக்கே ஒரு கெத்து."

அவர் அந்தப் படத்தைக் கையில் எடுத்தார். "நம்மால முடியுமா?" என்று மெதுவாகக் கேட்டார். தன்னைப் பற்றி அவருக்கே சந்தேகம் இருந்தது என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

"நான் பழக்கி வுடறேன் சார்" என்றேன்.

பழக்கினேன். ஏப்ரல், மே இரண்டு மாதம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், செங்கல்பட்டுத் தாண்டி ஒரு ரைபிள் கிளப்பில். அவருக்கு .315 ரைபிளுக்கும் பன்னிரண்டு போர் என்கிற அகலக் குழல் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் இருந்தது. .315-இல் அவர் மோசமில்லை, ஐம்பது மீட்டரில் ஒரு தட்டுக்குள் போட்டுவிடுவார். அதை நிறுத்தினேன். பன்னிரண்டு போரில் கனமான ஒற்றைக் குண்டுத் தோட்டா போட்டுக் கொடுத்து, அவரைத் தரையில் படுக்கவைத்துச் சுடச் சொன்னேன். நின்று சுட்டால் உடம்பு பின்னால் சாய்ந்து உதையைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். படுத்துச் சுட்டால் அத்தனையும் தோள் எலும்பில் இறங்கும். காதடைப்பான் வேண்டாம், காட்டில் யார் மாட்டுகிறார்கள் என்றேன். ஒரு காலையில் முப்பது தோட்டா. தோள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. கமலினி அம்மா ஒத்தடம் கொடுத்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான்காவது வாரம் சோதித்துப் பார்த்தேன். ஆர்மரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சோதனைதான். சுடுகிறவனுக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாக்களின் நடுவே மருந்து இல்லாத வெற்றுத் தோட்டா ஒன்றைக் கலந்து கொடுக்க வேண்டும். விசையை இழுப்பான், வெடிக்காது. பயப்படாதவன் கையில் குழல் அசையாமல் நிற்கும். உதைக்குப் பயந்தவனின் குழல் தானாகக் கீழே முட்டும். சம்பத்குமார் இழுத்தார். வெடிக்கவில்லை. இரண்டு கண்களும் இறுக மூடியிருந்தன, குழல் நாலு விரல் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. நாலு விரல் என்பது எழுபது மீட்டரில் தோளுக்கும் வயிற்றுக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம்.

ஒரு நல்ல ஆசிரியன் அங்கேதான் நிறுத்துவான். ஒரு மாதம் சின்னத் துப்பாக்கியில் சுடவைத்து அந்தப் பயத்தை எடுப்பான். எனக்கும் எடுக்கத் தெரியும், நூற்றுக்கணக்கான ஜவான்களுக்கு எடுத்திருக்கிறேன்.

"எப்டிய்யா?" என்றார்.

"கை கல்லு மாரி நிக்குது சார்" என்றேன்.

கடைசியாக ஒன்று சொல்லி அனுப்பினேன். அங்கே கூட வருகிற வேட்டை வழிகாட்டி ஒரு வெள்ளைக்காரன். எருமை அடிபட்டு ஓடினால் அவனும் உடனே சுடுவான், அது அவன் வேலை. அவன் குண்டும் பட்டால் அது உங்கள் எருமை ஆகாது சார், நான் சொல்லாமல் சுடாதே என்று அவனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்றேன். குரல் செய்தியாகத்தான் அனுப்பினேன். கமலினி அம்மா உங்களிடம் கொடுத்திருக்கும் சம்பத்குமாரின் போனில் அது இருக்கும், போட்டுக் கேளுங்கள். என் குரல் நன்றாகவே இருக்கும்.

மிச்சத்தை நீங்கள் அந்த வழிகாட்டியின் கடிதத்தில் படித்திருப்பீர்கள். முகாமில் முதல் நாள் அட்டையில் சுடவைத்துப் பார்த்தபோதே இவர் கண்ணை மூடுகிறார் என்று அவன் கண்டுபிடித்துவிட்டான். .375 தருகிறேன், அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சியிருக்கிறான். என் ஆர்மரர் இதுதான் சரி என்று சொன்னார் என்று இவர் மறுத்திருக்கிறார். என் மேல் அவ்வளவு நம்பிக்கை. மறுநாள் எழுபது மீட்டரில் நின்ற எருமைக்கு வயிற்றில் குண்டு. வழிகாட்டி இவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிச் சுடாமல் நின்றான். அரை மணி நேரம் கழித்து ரத்தத் தடம் பார்த்துப் புதருக்குள் போனார்கள். எருமை வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தது. பக்கவாட்டிலிருந்து வந்தது. சம்பத்குமார் இரண்டாவது குழலையும் சுட்டார், மண்ணில். வழிகாட்டி எருமையை விழவைப்பதற்குள் அது அவரைத் தூக்கி இரண்டு முறை அடித்துவிட்டது. துப்பாக்கியில் எந்தக் கோளாறும் இல்லை என்றும் அவனே எழுதியிருக்கிறான். நான் முதலிலேயே சொன்னேன், அருமையான துப்பாக்கி.

செய்தி வந்த அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. மதி வீட்டுக்குப் போனேன். வஞ்சிரம் குழம்பு வைத்திருந்தாள். மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். மாப்பிள்ளைதான், "பாவம் மாமா, ரெண்டு புள்ளைங்க கீது அவருக்கு" என்றார். பாவமாம். கை இருந்தபோதும் அவர் அப்படித்தான், யாரையும் வெறுக்கத் தெரியாது. அவருக்கும் சேர்த்து வெறுக்க வேண்டிய வேலை எனக்கு வந்தது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். சம்பத்குமாரை நான் கொன்றேன். மூன்று துப்பாக்கிகளில் அவருக்குப் பொருந்தாததைத் தேர்ந்தெடுத்து, அவர் உடம்பில் பயத்தை ஏற்றி, காப்பாற்ற இருந்தவன் கையையும் கட்டிக் கொன்றேன். எந்தப் பிரிவில் போடுவீர்கள் என்று உங்களுக்கே தெரியவில்லை, பார்த்தாலே தெரிகிறது. அது உங்கள் கவலை. இடுப்பில் இருக்கும் ரிவால்வரைக் கடைசியாக எப்போது துடைத்தீர்கள் சார்? உறை ஓரத்தில் துரு தெரிகிறது.

அது என்ன காகிதம்?

அந்த அம்மா இதையும் கொடுத்தாரா. கொடுங்கள், கண்ணாடி வேண்டாம், பெரிய எழுத்துதான். 2022 நவம்பர், விபத்து நடந்த அன்று காலை ஆறு நாற்பதுக்கு பெங்களூரிலிருந்து எனக்குச் சம்பத்குமார் அனுப்பிய மெசேஜ். பக்கத்துக் கம்பெனியில் ஒருத்தனுக்கு விரல் போய்விட்டது. இன்றிலிருந்து எந்தப் பிரஸ்ஸிலும் பைபாஸ் வேண்டாம். பீஸ் கவுண்ட் குறைந்தால் கஸ்டமரிடம் நான் பேசிக்கொள்கிறேன். என் சாவியை நேற்றே லாக்கரில் பூட்டிவிட்டேன், உன்னுடையதையும் கொண்டுபோய் வை. கீழே என் பதில். ஓகே சார்.

சரி. இருந்துவிட்டுப் போகட்டும். பன்னிரண்டு வருடம் போடு போடு என்றவர் ஒரு நாள் காலையில் வேண்டாம் என்றால் அது வேண்டாம் ஆகிவிடுமா? என் கையை அப்படிப் பழக்கியது யார்? மூன்றாம் நம்பர் அன்று பத்துத் தகடு அடித்தால் ஒரு தரம் நின்றுகொண்டிருந்தது. மாப்பிள்ளை நூற்றைம்பது பீஸ் பின்தங்கியிருந்தார். மறுநாள் லைன் லீடர் பதவிக்கான பட்டியல் வருவதாக இருந்தது. பக்கத்துப் பிரஸ்காரன்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் மாப்பிள்ளை என் கண் முன்னால் பின்தங்குவதா? டீக்குப் போகிற வழியில் என் சாவியைத் திருப்பிவிட்டுப் போனேன். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். யாரோ கூப்பிட்டார்கள், மறந்துவிட்டேன். டீ இன்னும் ஆறவில்லை, அதற்குள் சத்தம் கேட்டது.

விபத்தன்றே சம்பத்குமாருக்கு இது தெரியும். கவனக்குறைவு என்று அவர் எழுதவைத்தது கம்பெனிக்காகவும்தான், எனக்காகவும்தான். "உன்ன காப்பாத்திட்டேன்யா" என்றார். அதைவிட அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். இரண்டு வருடம் நான் எதிரே வரும்போதெல்லாம் அந்த ஆளின் பார்வையில் ஓர் இரக்கம் இருக்கும். அதற்கப்புறம்தான் ஜோயலிடம் வந்து எல்லாவற்றையும் பேசிவிடுகிறேன் என்றார். எல்லாவற்றையும் என்றார் சார்.

இல்லை, அதற்காக நான் கொல்லவில்லை. மாப்பிள்ளையின் கைக்காகத்தான் கொன்றேன். அதை மாற்றி எழுத வேண்டாம்.

ஏட்டையா, ஒரு உதவி. இந்தக் காகிதம் வந்ததற்கு அப்புறம் நான் சொன்னதையெல்லாம் தனித்தாளில் எழுதிவிடுங்கள். கோர்ட்டுக்கு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், அதிலும் கையெழுத்துப் போடுகிறேன். மதிக்குக் கொடுக்கிற நகலில் மட்டும் அந்தத் தாள் வேண்டாம். அவளுக்குத் துப்பாக்கி வரைக்கும் போதும். அப்பா கொலைகாரன் என்றால் அவள் தாங்கிக்கொள்வாள்.